அணைந்ததாகக் கருதப்பட்ட என்ஜின்

வான்வழிச் சரக்குத் துறையில் சின்னவர் என்றால் எல்லாருக்கும் தெரியும். ஒரு காலத்தில் அதே பெயரில் இன்னொருத்தரும் அங்கே வேலை பார்த்தார். குழப்பம் வேண்டாமென்று அவரைப் பெரியவர் என்றும் இவரைச் சின்னவர் என்றும் கூப்பிட ஆரம்பித்தார்கள். பெரியவர் ஓய்வு பெற்றுப் பேரன் பேத்தியெல்லாம் எடுத்துவிட்டார். சின்னவர் தலை நரைத்து, முன்வழுக்கையும் விழுந்து, இன்னமும் சின்னவராகவே இருந்தார். பதவி விஷயத்திலும் அப்படித்தான்.

துறையிடம் ஒரே ஒரு பெரிய சரக்கு ஹெலிகாப்டர் இருந்தது. சின்னவருக்கு அதன் வயிற்றுக்குள் வேலை. மருந்துப் பெட்டியோ, மாவு மூட்டையோ, இயந்திரமோ, எதுவானாலும் பின்கதவைச் சாய்த்து உள்ளே ஏற்றுவார். தரையில் பதித்திருக்கும் இரும்பு வளையங்களில் பட்டை மாட்டி இறுக்கிக் கட்டுவார். போய்ச் சேர்ந்ததும் அவிழ்த்துக் கொடுப்பார். நாற்காலியைக் கொடுத்தால்கூட அதை எங்கே கட்டுவது என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

அவர் மனைவி நர்ஸ். கடலுக்கு நடுவே, படகில் ஒரு பகல் ஒரு ராத்திரி போக வேண்டிய ஒரு தீவில், சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் அவளுக்கு வேலை. வருஷம் முடிந்தால் மாற்றல் கிடைக்கும் என்று போனாள். அதற்குள் புயல் வந்துவிட்டது. புயல் தீவின் படகுத்துறையைப் பிய்த்துக்கொண்டு போனது. கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரத்தின் மோட்டாரையும் எரித்துவிட்டுப் போனது. படகு கட்ட இடமில்லை. தொட்டியில் பிடித்து வைத்த மழைத்தண்ணீர்தான் கதி.

"ஆளுக்கு ரெண்டு குடம்னு இருந்ததை ஒண்ணாக்கிட்டாங்க," என்றாள் போனில். "குளிக்கறதெல்லாம் கடல்லதான். தலைமுடி கயிறு மாதிரி ஆயிடுச்சு. நீங்க பார்த்தா பட்டைக்குப் பதிலா இதை வெச்சே சரக்கு கட்டுவீங்க."

"புது மோட்டார் நம்ம கொட்டகைக்கு வந்துடுச்சு. ஏத்த வேண்டியதுதான் பாக்கி."

"ஏத்துங்களேன்."

"ஏத்தலாம். அங்க வந்தும் சேர்ந்துடலாம். திரும்பி வர எண்ணெய் பத்தாது."

"திரும்பிப் போகணும்னு யார் அழுதா?" என்று அவள் சிரித்தாள். ஆனால் அன்றைக்கு வார்டில் வயிற்றுப்போக்கோடு நாலைந்து குழந்தைகள் படுத்திருந்தார்கள் என்பதால் அந்தச் சிரிப்பு ரொம்ப நேரம் ஓடவில்லை.

எண்ணெய்க்கு வழி இல்லாமல் இல்லை. தூரப் பயணத்துக்கென்றே இரண்டு உள் டேங்குகளைத் துறை எப்போதோ வாங்கிப் போட்டிருந்தது. சரக்கு வைக்கும் இடத்தில் அவற்றைக் கட்டிக்கொள்ள வேண்டும். ஒரு ஹோஸ் ஹெலிகாப்டரின் சொந்த டேங்குக்குப் போகும். பறக்கப் பறக்கச் சொந்த டேங்க் குறைந்துகொண்டே வரும்போது, பம்பைப் போட்டு உள் டேங்கிலிருந்து அதற்கு மாற்றிவிட்டால் தூரம் தானாக நீளும். வாங்கிய நாளிலிருந்து அவை கொட்டகை மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தன. அவை எந்தப் பிரிவுக்குச் சொந்தம் என்று முடிவாகவில்லை. முடிவாகும் வரை ஒரு பூனை அங்கே இரண்டு தலைமுறைக்குக் குட்டி போட்டது.

தீவிலிருந்து கூக்குரல் மேலே வரை எட்டியதால், பூனையைக் காலி செய்து டேங்குகளை எடுத்தார்கள். ஹெலிகாப்டரை ஓட்டும் கேப்டன் அம்மா, சோதனைக்காகக் கரையோரமாக ஒரு சுற்றுப் போய்வரலாம் என்றார். சின்னவர் டேங்குகளைக் கட்டினார், ஹோஸை மாட்டினார், சொந்த டேங்கின் அளவைக் காட்டும் முள்ளுக்கு எதிரே, பம்ப் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"நான் சொன்னதும் போடுங்க. முள் நிறைஞ்சதும் அணைச்சிடுங்க," என்றார் கேப்டன்.

சின்னவர் போட்டார். முள் நிறைந்தது. கீழே கடல் அவ்வளவு அழகாக இருந்ததில் அணைக்க மறந்துவிட்டார். நிரம்பி வழிந்த எண்ணெய் கொஞ்சம் வெளிக்குழாய் வழியே கடலுக்குப் போனது. கேப்டன் திரும்பிப் பார்த்து, "சின்னவரே, மீனெல்லாம் எங்கயும் கிளம்பப் போறதில்ல," என்றார். அதற்கப்புறம் சின்னவர் முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மற்றபடி எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

மறுநாள் காலையில் சரக்கு அதிகாரி சின்னவரைக் கூப்பிட்டனுப்பினார். அந்த அதிகாரிக்குத் துறையில் தராசு என்று பெயர். மனிதர்களைக்கூட எடை போடுவது போலத்தான் பார்ப்பார்.

"டேங்கை எங்க வெச்சுக் கட்டினீங்க?"

"சரக்கு வைக்கிற இடத்துல சார்."

"சரக்கு வைக்கிற இடத்துல வெச்சா அதுக்குப் பேர் என்ன?"

சின்னவர் யோசித்தார். "டேங்க் சார்."

"சரக்கு."

"சரி சார்."

"கிளம்பும்போது அதுக்குள்ள எண்ணெய் இருந்தது. இறங்கும்போது காலி. நடுவுல பக்கத்துல யார் இருந்தா?"

"நான்தான் சார்."

"ஒப்படைச்ச சரக்கு என்னாச்சு?"

"எரிஞ்சிடுச்சு சார்."

தராசு நாற்காலியில் நிமிர்ந்தார். "பறக்கும்போது சரக்கு எரிஞ்சிருக்கு, நீங்க யார்கிட்டயும் வாயைத் திறக்கல?"

"என்ஜின்ல எரிஞ்சது சார்."

"என்ஜின் வரைக்கும் பரவிடுச்சா?"

சின்னவர் தன்னையறியாமல் மேஜையின் காலைப் பார்த்தார், அதைக் கட்டியிருக்கவில்லை. தராசு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க. நான் இந்த நாற்காலிக்கு வந்ததுலேருந்து ஒரு பொருள்கூட வழியில காணாமப் போனதில்ல. எப்படி? முடிஞ்ச வரைக்கும் எதையும் அனுப்பறதில்ல. அந்தப் பேரை நீங்க ஒரே நாள்ல கெடுத்துட்டீங்க."

வெளியே வந்தால், வராந்தாவில் எரிபொருள் அதிகாரி காத்துக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு எண்ணெய் சிந்தினாலும் குனிந்து பார்ப்பவர் என்பதால் சொட்டு என்றே அவரைச் சொல்வார்கள். மனிதருக்கும் அது தெரியும். கொஞ்சம் பெருமையும் உண்டு.

"அவர் சரக்குன்னாரா? அதை விடுங்க," என்று சின்னவரின் தோளில் கை போட்டார் சொட்டு. "நான் சொல்றதைக் கேளுங்க. எண்ணெய் இருக்கு. பம்ப் இருக்கு. ஹோஸ் இருக்கு. பக்கத்துல ஒரு ஆள் நின்னு வண்டிக்கு ஊத்தறாரு. இதுக்கு உலகம் பூரா என்ன பேரு?"

"தெரியல சார்."

"பெட்ரோல் பங்க். நீங்க இப்ப ஒரு பங்க் நடத்தறீங்க. அனுமதி இல்லாம."

அன்றைக்கு மத்தியானமே இயக்குநர் கூட்டம் போட்டார். இயக்குநர் நல்ல மனிதர். யாரையும் திட்டமாட்டார். அவர் பேச ஆரம்பித்தால் திட்டே தேவலை என்று இருக்கும். நீள மேஜையின் ஒரு கோடியில் அவர், ஒருபக்கம் தராசு, மறுபக்கம் சொட்டு, கேப்டன் ஜன்னலோரம். சின்னவரைக் கதவுக்குப் பக்கத்தில் நிற்க வைத்திருந்தார்கள்.

"இந்தத் துறை முடிவெடுக்கத் தயங்கினதே கிடையாது," என்று ஆரம்பித்தார் இயக்குநர். "முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி மட்டும்தான் தயங்கும். பறக்கறதா நம்ம வேலை? பறவைகூடத்தான் பறக்குது. அதுக்கு ஒரு துறை இருக்கா? எந்த விதிப்படி பறக்கறோம்ங்கறதுதான் நம்ம வேலை. தீவுல தண்ணி இல்லைங்கறாங்க. வருத்தமாத்தான் இருக்கு. ஆனா அவசரத்துல ஒரு விதியை மீறிட்டா, அது காலத்துக்கும் மீறினதாத்தானே இருக்கும்? தாகம் அப்படியா? தண்ணி குடிச்சா போயிடும்."

கூட்டத்தில் எல்லாரும் இதைக் கொஞ்ச நேரம் ரசித்தார்கள்.

பிறகு பாகப்பிரிவினை நடந்தது. டேங்கின் தகரம் தராசுக்கு, உள்ளே இருக்கும் எண்ணெய் சொட்டுக்கு என்று ஆயிற்று. சொட்டு உடனே பெட்ரோல் பங்க்குக்கான விதிகளைச் சொன்னார். புகை பிடிக்காதீர் என்று பலகை வேண்டும். மணல் வாளிகள் வேண்டும். பொறுப்பாளருக்கு மேஜை, நாற்காலி வேண்டும். வால்வுக்குப் பூட்டு வேண்டும். கடைசியாக, எண்ணெய் ஊற்றும்போது வண்டியின் என்ஜினை அணைத்துவிட வேண்டும்.

"பறக்கும்போதா?" என்றார் கேப்டன்.

"எண்ணெய் ஊத்தும்போது."

"ரெண்டும் ஒரே நேரம்தான் சார்."

"அதை நீங்கதான் மேடம் பார்த்து வெச்சுக்கணும்."

கேப்டன் ரொம்பப் பொறுமையாகச் சொன்னார்: "அணைக்கலாம் சார். அணைச்சா ஹெலிகாப்டர் கீழ போகும். அது பரவாயில்லையான்னு மட்டும் சொல்லுங்க."

"எவ்வளவு தூரம் போகும்?"

"கடல் வரைக்கும்."

சொட்டு விடுவதாக இல்லை. அவர் பிரிவில் இந்த ஒரு விதிக்குத்தான் பெரிய எழுத்தில் பலகை இருந்தது. கேப்டனும் விடுவதாக இல்லை. அவருக்கு வீட்டில் படிக்கிற பெண் இருந்தாள். டீ இரண்டு முறை வந்து போனது. சின்னவருக்குக் கால் வலித்தது. தீவில் இப்போது குடத்தோடு வரிசை நிற்கும் நேரம் என்று நினைத்துக்கொண்டார். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். அவர் தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்துத் தராசு தன் டம்ளரை நகர்த்தினார். சின்னவர் குடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

கடைசியில் இயக்குநர்தான் வழி கண்டுபிடித்தார். அந்த நாற்காலிக்கு அவர் சும்மா வந்துவிடவில்லை.

"என்ஜின் ஓடட்டும். ஆனா அணைக்கப்பட்டதா கருதப்படட்டும்."

இரு தரப்பும் எழுந்து கை கொடுத்துக்கொண்டார்கள். நடைமுறை அங்கேயே முடிவானது. பம்பைப் போடுமுன் சின்னவர், "என்ஜின் அணைக்கப்பட்டதாகக் கருதப்படுகிறது" என்று உரக்கச் சொல்ல வேண்டும். கேப்டன் "கருதுகிறேன்" என்று பதில் சொல்ல வேண்டும். பம்பை நிறுத்தியதும், "என்ஜின் ஓடுவதாகக் கருதப்படுகிறது." மறுபடியும், "கருதுகிறேன்." கூட்டம் முடிவதற்குள் சின்னவரை நாலு தடவை சொல்லிப் பார்க்கச் சொன்னார்கள். உச்சரிப்பு பரவாயில்லை என்றார் தராசு.

பயண நாளன்று காலையில் சின்னவர் மோட்டாரை உருட்டிக்கொண்டு போனால், உள்ளே கால் வைக்க இடமில்லை; எப்படியோ பின்கதவோரம் நெருக்கி ஏற்றினார். டேங்குகள் இருந்தன. பலகை இருந்தது. சிவப்பு மணல் வாளிகள் ஒரு பக்கச் சுவர் நெடுக நின்றன. மேஜைமேல் விரிப்புகூடப் போட்டிருந்தார்கள். இதுபோக, முதல் பயணம் என்பதால் இயக்குநர் வருகிறார். தன் தகரத்தைப் பார்த்துக்கொள்ளத் தராசு வருகிறார். தன் எண்ணெயைப் பார்த்துக்கொள்ளச் சொட்டு வருகிறார்.

"எடை மீறுது," என்றார் கேப்டன். "ஏதாவது ஒண்ணை இறக்கணும்."

எல்லாரும் சுற்றிலும் பார்த்தார்கள். எந்தப் பிரிவின் விதியும் வேண்டுமென்று சொல்லாத பொருள் அங்கே ஒன்றுதான் இருந்தது. மோட்டாரை இறக்கினார்கள்.

சின்னவர் ஓரமாகப் போய் மனைவிக்குப் போன் போட்டார்.

"மோட்டார் வரலையா?" என்றாள். "அப்புறம் எதுக்கு வர்றீங்க?"

"துவக்க விழா."

"எதுக்குத் துவக்க விழா?"

"மோட்டார் கொண்டு வர்ற திட்டத்துக்கு."

"பெரியவங்க எத்தனை பேர் வர்றாங்க?"

"மூணு பேர்."

"சரி, மூணு டம்ளர் தண்ணி ஒதுக்கி வைக்கறேன்," என்று போனை வைத்துவிட்டாள். சின்னவருக்கு, அவள் கோபப்பட்டுக் கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஹெலிகாப்டர் கிளம்பியது. கரை மறைந்து, எங்கு பார்த்தாலும் கடலாக ஆனது. இயக்குநர் மேஜைக்கு எதிரே நாற்காலியில் பட்டை போட்டுக் கட்டப்பட்டிருந்தார்; சின்னவர் கட்டியதால் அசைய முடியவில்லை. தராசு டேங்கைத் தட்டித் தட்டிப் பார்த்தார். நல்ல எதிர்க்காற்று. நடுவழி நெருங்கும்போது எல்லார் காதிலும் மாட்டியிருந்த கருவியில் கேப்டன் குரல் வந்தது.

"சின்னவரே, மாத்தலாம்."

சின்னவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "என்ஜின் அணைக்கப்பட்டதாகக் கருதப்படுகிறது."

"கருதுகிறேன்."

ஸ்விட்சைப் போட்டார். பம்ப் ஓடியது, முள் அசையவில்லை. குனிந்து பார்த்தார். வால்வின் கைப்பிடிமேல் ஒரு இரும்பு மூடி, மூடியில் ஒரு பூட்டு.

ஸ்விட்சை அணைத்துவிட்டுச் சொட்டிடம் போனார். "சார், சாவி வேணும்."

"சாவி என் டிராயர்ல பத்திரமா இருக்கு."

"எந்த டிராயர் சார்?"

"ஆபீஸ்ல. எண்ணெய் இருப்பு சாவி ஆபீஸ் வளாகத்தை விட்டு வெளிய போகக்கூடாது. அது ரொம்பப் பழைய விதி."

இதைச் சொல்லி முடிக்கும்போதுதான் சொட்டுக்கே அது காதில் விழுந்தது போலிருந்தது. கேப்டன் ஹெலிகாப்டரைக் கரைப்பக்கம் திருப்பினார். பிறகு, "கரை வரைக்கும் எண்ணெய் பத்தும், அநேகமா," என்றார். அந்த அநேகமாவை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"உடைங்க," என்றார் இயக்குநர்.

"பூட்டு எண்ணெய்ப் பிரிவோடது, மூடி தகரத்தைச் சேர்ந்தது, அதாவது சரக்கு," என்றார் தராசு. "ரெண்டு பிரிவும் சம்மதிக்கணும்."

"நான் சம்மதிக்கறேன்," என்றார் சொட்டு.

"இரும்பை இரும்பால அடிச்சா பொறி பறக்கும் சார்," என்றார் சின்னவர். "பக்கத்துல எண்ணெய்."

"அப்ப நான் சம்மதிக்கல," என்றார் சொட்டு.

இந்த இடத்தில் ஹெலிகாப்டர் காற்றில் ஒருமுறை நன்றாகத் தூக்கிப் போட்டது. சொட்டு நாற்காலிப் பட்டையைக் கழற்றிவிட்டு, விலையுயர்ந்த பேண்டோடு தரையில் மண்டி போட்டு, மூடியை உற்றுப் பார்த்தார். பூட்டு மாட்டியிருந்த கொக்கியை இரண்டு திருகாணிகளில் பிடித்து வைத்திருந்தார்கள். சின்னவர் திருப்புளி தேடினார். கருவிப் பெட்டியை மணல் வாளிக்கு இடம் விட்டு இறக்கியிருந்தார்கள். சொட்டு தன் சாவிக்கொத்தில் தொங்கிய நகவெட்டியை எடுத்தார். அதன் நுனியைத் திருகாணியில் வைத்துத் திருப்பினார். விரல் வழுக்கியது, நகம் பெயர்ந்தது, அவர் நிறுத்தவில்லை. சின்னவர் ஹெலிகாப்டர் ஆடும்போதெல்லாம் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். தராசு கைவிளக்கைக் காட்டினார்; ஆட்டத்தில் வெளிச்சம் எல்லா இடத்துக்கும் போய் வந்தது.

முதல் திருகாணி கழன்றது. அடுத்ததும் கழன்றது. கொக்கி, பூட்டு எல்லாம் சேர்ந்து சொட்டின் கையோடு வந்தது. அவர் அதை ஏந்திக்கொண்டு பார்த்தார்.

"பூட்டைத் திறக்கல," என்றார் மூச்சு வாங்க. "பூட்டு பூட்டினபடியேதான் இருக்கு. எல்லாரும் பார்த்துக்கங்க."

சின்னவர் வால்வைத் திருப்பினார். ஸ்விட்சுக்குத் தாவினார். கையை வைத்தவர், ஞாபகம் வந்து நிறுத்தினார். "என்ஜின் அணைக்கப்பட்டதாக..."

"கருதுகிறேன், கருதுகிறேன்," என்று கேப்டனை முந்திக்கொண்டு இயக்குநர் கத்தினார். "சீக்கிரம் போடுய்யா."

முள் அசைந்தது. ஒரு நூல், இன்னொரு நூல் என்று ஏறியது. அந்த முள்ளைத் தவிர வேறெதையும் அங்கே யாரும் பார்க்கவில்லை.

டேங்க் நிறைந்ததும் கேப்டன் கேட்டார், "சார், வீட்டுக்குப் போகலாமா, தீவுக்குப் போகலாமா?"

"தீவுக்குத்தான்," என்றார் இயக்குநர் பலவீனமாக. "போய்ச் சேர்ந்துட்டோம்னு காலையில கிளம்பறதுக்கு முன்னாடியே மேல செய்தி அனுப்பியாச்சு."

தீவில் இறங்கியபோது ஊரே மைதானத்தில் நின்றது. காலிக் குடங்களோடு பெண்கள், உதடு வெடித்த ஆண்கள். பின்கதவு சாய்ந்ததும் எல்லாரும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். சிவப்பு வாளிகளைக் கண்டு ஒரு கிழவருக்கு முகம் மலர்ந்தது. கிட்டே போய்ப் பார்த்தார். மணல்.

"மணலா?" என்றார். தீவைச் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார்.

இயக்குநர் பேசினார். முதல் கட்டம் வெற்றி என்றார். கேட்டவர்களில் யாரும் கை தட்டவில்லை. குடத்தைக் கீழே வைக்க வேண்டியிருக்கும் என்பதால் இருக்கலாம். சின்னவரின் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். மெலிந்திருந்தாள். முடி நிஜமாகவே கயிறு போலத்தான் இருந்தது. அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"சாப்பிடறீங்களா ஒழுங்கா?" என்றாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

கேப்டன் முள்ளைப் பார்த்துவிட்டு வந்து இயக்குநரிடம் சொன்னார்: "சார், ஒரு சிக்கல். பாதி வழியில திரும்பி, மறுபடி திரும்பினதுல எண்ணெய் கூடுதலா செலவாயிடுச்சு. இவ்வளவு எடையோட ஊர் போய்ச் சேர முடியாது. வாளி, மேஜை எல்லாத்தையும் இறக்கணும்."

"தாராளமா இறக்குங்க."

"அதுவும் பத்தாது சார்."

இயக்குநர் தராசைப் பார்த்தார். தராசு சொட்டைப் பார்த்தார். சொட்டு தன் தொப்பையைப் பார்த்தார்.

"உங்க மூணு பேரையும் நாளைக்குக் காலையில வந்து கூட்டிட்டுப் போயிடறேன்," என்றார் கேப்டன். அந்தக் கணக்கு உண்மையிலேயே அவ்வளவு இறுக்கமாக இருந்ததா என்பது சின்னவருக்குத் தெரியாது. அவர் கேட்கவுமில்லை. கேப்டன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

சின்னவர் மனைவி மூன்று டம்ளர்களோடு வந்தாள். "இது இன்னிக்குக் குடிக்க. விருந்தாளிங்கன்னு வெச்சிருக்கோம். நாளைக்கு விடிஞ்சதும் வரிசையில நிக்கணும் சார். ஆளுக்கு ஒரு குடம், அது குடிக்க, சமைக்க, கழுவ எல்லாத்துக்கும் சேர்த்து."

"குளிக்க?" என்றார் இயக்குநர்.

அவள் கடலைக் காட்டினாள்.

சாயந்தரம் சின்னவரும் கேப்டனும் ஊர் திரும்பிக் கொட்டகைக்குள் நுழையும்போதே சின்னவரின் போன் அடித்தது. இயக்குநர். குரல் வறண்டிருந்தது.

"மோட்டாரை ஏத்திட்டீங்களா?"

"இப்பத்தான் சார் வந்தோம். ஏத்தறதுக்கு அதிகாரிங்க குழு கூடி முடிவு பண்ணணுமே சார்."

"குழு எங்க இருக்கு?"

"மொத்தக் குழுவும் அங்கதான் சார் இருக்கு."

"அப்ப கூடிட்டோம்," என்றார் இயக்குநர். "ஏத்துங்க."

துறையில் எதையாவது வேண்டாம் என்று சொல்லக்கூடிய அத்தனை பேரும் தீவில் இருந்தபடியால், வேலை மளமளவென்று நடந்தது. மோட்டார் ஏறியது. டேங்குகள் நிரம்பின. வால்வில் பூட்டு இல்லை. மறுநாள் விடிந்ததும் கிளம்பி, வழியில் இரண்டு தடவை மாற்றி, வெயில் ஏறுவதற்குள் போய் இறங்கிவிட்டார்கள்.

தீவில் தண்ணீர் வரிசையின் தலைமாட்டில் தராசு நின்றுகொண்டிருந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக் குடங்களுக்கு அளந்து ஊற்றிக்கொண்டிருந்தார். "விடிகாலையில சண்டை வந்துச்சு," என்றாள் சின்னவரின் மனைவி. "இவர்தான் போய் நின்னாரு. ஒரு பொட்டு கூடக் குறைய இல்ல. இப்ப இவர் ஊத்தினாத்தான் ஆகும்னு நிக்கறாங்க." சொட்டு மழைத்தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். எத்தனையோ நாளாக யாரும் கவனிக்காத ஒரு கசிவைக் கண்டுபிடித்து, துணியைத் திரித்து அடைத்துக்கொண்டிருந்தார். இயக்குநரைப் பற்றிக் கேட்டார் சின்னவர். "அவர் பாவம், பேசறதை நிறுத்திட்டாரு," என்றாள். "பேசினா நாக்கு வறளுதாம்."

மோட்டாரை மாட்டி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. குழாயில் முதலில் காற்று வந்தது, பிறகு துருநீர், பிறகு கண்ணாடி மாதிரி தண்ணீர். எங்கும் பாத்திரங்கள் நிறைகிற சத்தம்தான். சின்னவர் மனைவி முதல் குடத்தை வார்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். இரண்டாவது குடத்தில் தலைக்குக் குளித்துவிட்டு வந்து, ஈர முடியோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்றைக்கு அங்கேயே தங்கினார்கள்.

மறுநாள் திரும்பும்போது அதிகாரிகள் மூன்று பேரும் ஏறிக்கொண்டார்கள். தராசும் சொட்டும் ஏறியவுடனே தூங்கிப் போனார்கள். நடுவழியில் கேப்டன் மாற்றச் சொன்னதும் சின்னவர் இயக்குநரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, என்ஜின் அணைக்கப்பட்டதாகச் சொல்லாமலே ஸ்விட்சைப் போட்டார்.

இயக்குநர் பட்டையைத் தளர்த்திக்கொண்டு அவர் பக்கமாகச் சாய்ந்தார். "இப்ப நீங்க என்ன பண்றீங்க?"

"இந்த டேங்க்லேருந்து அந்த டேங்குக்கு மாத்தறேன் சார்."

"நிறைஞ்சதும்?"

"அணைச்சிடுவேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார்."

இயக்குநர் வெகுநேரம் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஏறி நின்றது. சின்னவர் அணைத்தார். இயக்குநர் தூங்குகிற இருவரையும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலை இறக்கிக்கொண்டார்.

"இது இவ்வளவுதான்னு வெளியில யார்கிட்டயும் சொல்லிடாதீங்க," என்றார். "இதை நம்பி நாங்க ஒரு கட்டடம் நிறைய இருக்கோம்."